அத்தியாயம் 7: ஸ்டார்ட் ஆகாத பழைய கார் – முதலில் உப்பைப் பாருங்கள்

தூத்துக்குடியில் பீச் ரோட்டுப் பக்கமோ, தெர்மல் நகரிலோ, முத்தையாபுரத்திலோ, உப்பளத்தை ஒட்டிய ஏதாவது ஒரு தெருவிலோ உங்கள் வீடு இருக்கிறது. வாசலில் ஒரு அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ, கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ஓ நிற்கிறது. காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி எழுந்திரிக்க மாட்டேன் என்கிறது. இந்த அத்தியாயம் உங்களுக்காகத்தான்.

பத்மினியின் தயாரிப்பு 2000-ஆம் ஆண்டு வாக்கில் முடிந்தது. மாருதி 800-ம் அம்பாசடரும் 2014-ல் நின்றன. ஆனால் இந்த மூன்று வண்டிகளையும் வீட்டு வாசலிலேயே திறந்து, கண்ணால் பார்த்து, கையால் சரிசெய்துவிடலாம். பெட்ரோல், கரண்ட், காற்று மூன்றும் சேர்ந்து, செல்ஃப் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் வண்டி ஓடும். எது வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

மற்ற ஊர்க்காரர்கள் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுவார்கள், அடுத்து பெட்ரோலை. நம் கடற்கரையில் வரிசையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். இங்கே முதல் சந்தேகம் உப்பு. காற்றில் ஈரம் முக்கால் பங்குக்கு மேல் ஏறினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். இரவில் கசியும், வெயில் ஏறினால் காயும். காலை ஆறு மணிக்கு அடம் பிடித்த வண்டி பதினொரு மணிக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது என்றால், காரணத்தில் பாதியை அங்கேயே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஸ்பானர் செட், பிளக் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, கட்டிங் பிளேயர், பழைய பிளக் ஒன்று, 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், சாதாரண மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், ஜம்பர் கேபிள், உப்புத்தாள், ஒயர் பிரஷ், வாசலின், காய்ந்த பருத்தித் துணி. இவற்றோடு ஒரு கேன் குடிநீரும் வேண்டும். நம் ஊர் போர் தண்ணீர் இந்த வேலைக்கு ஆகாது. உப்பைக் கழுவ உப்புத்தண்ணீரை ஊற்றிப் பயனில்லை.

தொடுவதற்கு முன்

1. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பானெட்டைத் திறந்திருக்கும்போது கியரில் நிற்கும் வண்டியின் செல்ஃபைத் தொட்டால் அது உங்கள் மேல் ஏறும்.
2. கையில் இருக்கும் மோதிரம், வாட்ச், காப்பைக் கழற்றுங்கள். பேட்டரி பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு மோதிரம் மாட்டினால் நொடியில் பழுத்துவிடும்.
3. சேலைத் தலைப்பு, துண்டு, லுங்கியின் தொங்கும் முனை எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது.
4. பீடி, சிகரெட், சாம்பிராணி எதுவும் பக்கத்தில் வேண்டாம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஆவி வரும்.
5. செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். விடாமல் அடித்து மோட்டாரைக் கருக்கியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

உதவிக்கு ஒருவர் இருந்தால் நல்லது. ஒருவர் சாவியில், ஒருவர் பானெட்டில். "அடி" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் சாவி திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருப்பி, காது கொடுங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். காதும் கண்ணும் சேர்ந்து பாதி வேலையை முடித்துவிடும்.

சத்தமே இல்லை, லைட்டும் எரியவில்லை என்றால் பேட்டரி முற்றிலும் இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் விட்டிருக்கிறது. லைட் பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் மட்டும் மூச்சு விடவில்லை என்றால் சாவி ஸ்விட்ச், சோலனாய்டு, அதற்குப் போகும் சன்ன வயர் இவற்றைப் பார்க்க வேண்டும். "டிக் டிக் டிக்" என்று அடித்து லைட் மங்கினால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது வழியில் எங்கோ உப்பு அடைத்திருக்கிறது. செல்ஃப் சோம்பலாக "ம்ம்...ம்ம்" என்று முனகினாலும் அதே கதைதான். செல்ஃப் ஜோராகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு, நேராகக் 'கரண்ட் வருகிறதா' என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

எர்த்: இந்த ஊரின் முதல் குற்றவாளி

இந்தப் பகுதி மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு.

ஒரு ஆகஸ்ட் 5 அன்று, பனிமய மாதா திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களை ஸ்டேஷனில் விட என் அம்பாசடரை எடுத்தேன். செல்ஃப் முனகியது, நின்றது. அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் செல்ஃப் மோட்டாருக்குப் புது கார்பன் பிரஷ் போட்டிருந்தேன். அது சரிவரவில்லை என்று புது பேட்டரியும் வாங்கியாயிற்று. திரும்பவும் அடித்தேன். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கருகிய வாடை. சோக் கேபிளைத் தொட்டால் கை சுட்டது, அதன் உறையிலிருந்து புகை வந்தது. அந்தப் புகைதான் எனக்குப் பாடம். செல்ஃபுக்குப் போன கரண்ட் என்ஜினிலிருந்து பாடிக்குத் திரும்ப வழியில்லாமல், சோக் கேபிளின் இரும்புக் கம்பி வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது.

படுத்துக்கொண்டு கீழே பார்த்தேன். என்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் போட்ட செம்பு எர்த் பட்டை தன் இடத்தில் அழகாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் நசுக்கினேன். பச்சைக் களிம்பாகப் பொடிந்து கையில் வந்தது. உள்ளே நாலைந்து இழைதான் மிச்சம். அதற்கு முன் இரண்டு பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். யாரும் நசுக்கிப் பார்க்கவில்லை.

செம்புப் பட்டை, இரும்பு போல்ட், நடுவில் உப்புத்தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால் அதுவே ஒரு சின்ன பேட்டரி. அது உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். ஆடியில் கச்சான் அடிக்கும்போது உப்பளத்துத் தூசி ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு ஈரம் ஏறும். உப்பு லாரி போன ரோட்டில் சிந்திய உப்புநீர் டயர் வழியாக அடிப்பாகத்தில் தெறிக்கும். வருடம் முழுக்க இதுதான்.

*ரோட்டில் நிற்கும்போது ஒரு நிமிடச் சோதனை*

1. ஜம்பர் கேபிளில் கருப்பு ஒன்றை மட்டும் எடுங்கள்.
2. ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் டெர்மினலில் கடிக்கவிடுங்கள்.
3. மறு முனையை என்ஜினின் சுத்தமான இரும்புப் பகுதியில், ஏதாவது ஒரு தடித்த போல்ட்டில் கடிக்கவிடுங்கள். பெட்ரோல் பைப், கார்புரேட்டர் பக்கம் வேண்டாம்.
4. செல்ஃப் அடியுங்கள். முனகிய செல்ஃப் விறுவிறு என்று சுற்றினால் குற்றம் எர்த்தில்தான். பேட்டரி வாங்க வேண்டாம், மோட்டார் கழற்ற வேண்டாம்.

*மல்டிமீட்டர் இருந்தால்*

1. காயிலுக்குப் போகும் சன்ன வயரைக் கழற்றி, முனை பாடியில் படாமல் ஒதுக்கி வையுங்கள். என்ஜின் தவறி ஸ்டார்ட் ஆகாது.
2. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள்.
3. கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் கட்டையின் நடுவில் குத்துங்கள். கிளாம்பில் வைக்காதீர்கள், கட்டையில்தான். சிவப்பு முனை என்ஜின் இரும்பில்.
4. உதவிக்கு நிற்பவர் ஐந்து நொடி செல்ஃப் அடிக்கட்டும். மீட்டர் 0.2 வோல்ட் அல்லது அதற்குக் கீழே காட்டினால் எர்த் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் வழியில் அடைப்பு இருக்கிறது.
5. இப்போது சிவப்பு முனையைப் படிப்படியாக நகர்த்துங்கள்: முதலில் கிளாம்ப், பிறகு பாடி, பிறகு என்ஜின். எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அந்த இணைப்புதான் கெட்டது.
6. பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி: சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவ் கட்டையில், கருப்பு முனை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில். 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

*சுத்தம் செய்யும் முறை*

1. எந்தப் பக்கம் பாடிக்குப் போகிறதோ அந்த டெர்மினலை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது நெகட்டிவ்.
2. டெர்மினலில் வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால், வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடா கரைத்து ஊற்றுங்கள். நுரைத்து அடங்கும். செல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடா உள்ளே போனால் ஆசிட் கெடும்.
3. கேன் தண்ணீரால் கழுவித் துடைத்து, கட்டையையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் ஈயம் மினுங்கும்வரை தேயுங்கள்.
4. எர்த் பட்டையைக் கழற்றி நசுக்கிப் பாருங்கள். பொடிந்தால் மாற்றுங்கள். போல்ட் இறங்கும் இடத்தில் பெயின்ட், துரு இரண்டையும் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டுங்கள்.
5. மாட்டும்போது பாடிக்குப் போகும் டெர்மினலைக் கடைசியில் மாட்டுங்கள்.

கிரீஸ், வாசலின் பூசுவதில் எல்லாரும் ஒரு தவறு செய்கிறார்கள். நானும் வருடக்கணக்கில் செய்தேன். திரேஸ்புரத்தில் சங்குகுளிப் படகு வைத்திருக்கும் ஒருவர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அண்ணாச்சி, உள்ள தடவாதிய. முதல்ல காய்ஞ்ச இரும்பும் இரும்பும் கடிக்கட்டும். இறுக்குங்க, அப்புறம் மேல அப்புங்க." முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு இங்கே நடக்கவில்லை என்றாலும், சங்குகுளிப் படகுகள் இன்றும் போய்வருகின்றன. உப்போடு இயந்திரம் ஓட்டுவது எப்படி என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். இணைப்புக்குள் பூசினால் கரண்டுக்குத் தடை. இறுக்கிய பிறகு மேலே பூசினால் உப்புக்குத் தடை.

பேட்டரி

எர்த் நன்றாக இருக்கிறது, இன்னும் முனகுகிறது என்றால் பேட்டரிக்கு வாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், அது எவ்வளவு புதுசாக இருந்தாலும் சார்ஜ் போட்டுப் பரிசோதிக்க வேண்டிய பேட்டரி.

மூடி திறக்கிற பேட்டரியாக இருந்தால் தண்ணீர் அளவைப் பாருங்கள். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், தகடு முழுகினால் போதும். காற்றோட்டம் இல்லாத அறையில் சார்ஜ் போடாதீர்கள். ஹைட்ரோமீட்டரில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.05 அளவுக்குக் கீழே நின்றால் அந்தச் செல் செத்துவிட்டது. சார்ஜ் போட்டுப் பயனில்லை.

*இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்க*

1. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டும் ஆஃப்.
2. சிவப்பு: முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவில்.
3. கருப்பு: நல்ல பேட்டரியின் நெகட்டிவில்.
4. கருப்பின் கடைசி முனை: இறங்கிய வண்டியின் என்ஜின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். அது பேட்டரியின் மேல் பறக்கக்கூடாது.
5. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். கழற்றும்போது நேர் தலைகீழ் வரிசை.

டைனமோ வைத்த மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். கேபிள் மாட்டுமுன் பாடியில் இறங்குவது எந்தக் கட்டை என்று கண்ணால் பாருங்கள். பாசிட்டிவ் என்றால் மேலே சொன்ன முறை உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. பேட்டரியைக் கழற்றித் தனியாகச் சார்ஜ் போடுவதே பாதுகாப்பு.

வண்டி ஓடிய பிறகு டெர்மினலில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. இல்லையென்றால் நாளைக் காலையும் இதே இடத்தில் நிற்பீர்கள்.

செல்ஃப் மோட்டார்

பேட்டரி, எர்த் இரண்டும் சரி, இருந்தும் ஒரே ஒரு "டக்" மட்டும் என்றால், மோட்டாரின் உடம்பில் மரக்கட்டையால் மெதுவாக நாலு தட்டுத் தட்டி, உடனே அடித்துப் பாருங்கள். சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. வீடு போய்ச் சேரலாம், ஆனால் அந்த வாரமே மாற்றிவிடுங்கள். பினியன் பல்லில் சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தால், சாவியை எடுத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும்.

பழைய அம்பாசடரில் முன்னால் ஹேண்டில் போடும் வசதி இருந்தால் செல்ஃப் இல்லாமலும் எழுப்பலாம். கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வையுங்கள், ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள். என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கட்டைவிரலும் மணிக்கட்டும் உடையும்.

கரண்ட் வருகிறதா

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. இப்போது பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது வழக்கம். அதில் ஆபத்து உண்டு: திறந்த துளையிலிருந்து பெட்ரோல் பீச்சும், பக்கத்தில் பொறி பறக்கும். ஆகவே பிளக்கை அதன் இடத்தில் விட்டுவிட்டு, கையில் வைத்திருக்கும் பழைய பிளக்கைப் பயன்படுத்துங்கள்.

1. ஒரு பிளக் வயரை உருவி, அதில் பழைய பிளக்கை மாட்டுங்கள்.
2. அதன் இரும்பு உடம்பு என்ஜினில் நன்றாகப் படும்படி வையுங்கள். கையால் பிடிக்காதீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் அது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தச் சோதனைக்கு அருகிலேயே வரக்கூடாது.
3. செல்ஃப் அடித்துப் பாருங்கள். நீலமாக, "சட் சட்" என்று சத்தத்தோடு வந்தால் கரண்ட் நல்லது. மஞ்சளாக, சத்தமில்லாமல் வந்தால் பலமில்லை.
4. பொறியே இல்லை என்றால், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுவுக்கு வரும் தடித்த வயரை உருவி, அதில் பழைய பிளக்கை மாட்டி இதே சோதனை. அங்கே பொறி வந்தால் குற்றம் கேப்பிலோ ரோட்டாரிலோ. அங்கேயும் இல்லையென்றால் பாயிண்ட், கண்டென்சர், காயில்.

*கேப், ரோட்டார், வயர்*

காலையில் மட்டும் அடம் பிடிக்கும் வண்டிகளின் நோய் பெரும்பாலும் இங்கேதான். கேப்பைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். உட்புறத்தில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மெல்லிய கருப்பு இழை ஓடினால், கரண்ட் அந்த வழியில் கசிகிறது. அந்தக் கேப்பைத் தூக்கிப் போடுங்கள்.

கோடு இல்லை, வெறும் சாம்பல் படலம்தான் என்றால் காப்பாற்றலாம். எல்லாரும் உடனே ஸ்பிரே அடிப்பார்கள். ஸ்பிரே ஈரத்தைத் தள்ளும், உப்பை அகற்றாது. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கேப், ரோட்டார், காயிலின் தலை, பிளக் வயர் எல்லாவற்றையும் கேன் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கேப்பைக் கழுவியே விடலாம். முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் வெளிப்பக்கம் மட்டும் ஸ்பிரே. வயர்களை உருவும் முன் எண் எழுதி ஒட்டிவிடுங்கள். மாறிப்போனால்: அம்பாசடர் பெட்ரோலுக்கும் பத்மினிக்கும் 1-3-4-2, மாருதி 800-க்கு 1-3-2.

*பாயிண்ட்*

டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனை பாடியில், மறு முனை காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பக்கத்தில். சாவி ஆன், செல்ஃப் அடியுங்கள். விளக்கு மினுக்மினுக் என்றால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. அணையாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது முகத்தில் அழுக்கு. எரியவே இல்லையென்றால் காயிலின் மறுபக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே எரிந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது உள்ளே ஒரு வயர் உடம்பில் படுகிறது, அல்லது காயிலே அறுந்திருக்கிறது. அங்கேயும் எரியாவிட்டால் சாவி ஸ்விட்சிலிருந்தே கரண்ட் வரவில்லை.

பாயிண்ட் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, பிறகு ஒரு கனமான காகிதத்தை நடுவில் விட்டு இழுத்துத் தூசி எடுங்கள். பாயிண்ட் முழுக்கத் திறந்த நிலையில் இடைவெளி அம்பாசடருக்குச் சுமார் 0.4 மி.மீ. மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டில் உள்ள அளவே சரி. பிளக் இடைவெளி அம்பாசடருக்கு 0.6 மி.மீ., மாருதிக்கு 0.7 முதல் 0.8. சுத்தம் செய்த பாயிண்ட் ஒரு வாரத்தில் மறுபடி கருகினால் கண்டென்சரை மாற்றுங்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றப்பட்ட வண்டியில் இந்தப் பகுதி தேவையில்லை.

சாவியை ஆன் செய்து மறந்துவிடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயில் சூடேறிக் கருகும்.

பெட்ரோல் வருகிறதா

முதலில் ஒரு எச்சரிக்கை. கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிவிட்டு செல்ஃப் அடிக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். என்ஜின் பின்னால் உதைத்தால் தீ நேராக மேலே வரும். அப்போது உங்கள் கையில் பெட்ரோல் பாட்டில் இருக்கும். முகத்தைக் கார்புரேட்டருக்கு நேர் மேலே வைத்துப் பார்ப்பதும் இதே காரணத்தால் கூடாது.

1. முள்ளை நம்பாதீர்கள். பழைய வண்டியின் பெட்ரோல் முள் பாதி என்று காட்டும், டாங்க் காலியாக இருக்கும்.
2. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். காயிலின் சன்ன வயரைக் கழற்றுங்கள்.
3. கார்புரேட்டரில் வந்து சேரும் பைப்பைக் கழற்றி, ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள்.
4. மூன்று நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் விட்டுவிட்டுப் பீச்சினால் பம்ப் நல்லது.
5. வரவில்லையென்றால்: ஃபில்டர், அடுத்து டாங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸ், கடைசியில் பம்ப் டயாஃப்ரம். ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும், வெளியே சொட்டுக்கூடச் சிந்தாது. வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும்.
6. சிந்திய பெட்ரோலைத் துடைத்து, வாடை போன பிறகே காயில் வயரை மாட்டுங்கள்.

பெட்ரோல் வருகிறது, ஆனாலும் பிளக் காய்ந்திருக்கிறது என்றால் ஃப்ளோட் நீடில் ஒட்டியிருக்கலாம். கார்புரேட்டர் கிண்ணத்தின் பக்கவாட்டில் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் இரண்டு தட்டு. பிளக் நனைந்து பெட்ரோல் வாடை தூக்கினால் ஓவர் ஆகிவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தி அப்படியே வைத்துக்கொண்டு, பத்து நொடி அடியுங்கள். மிதித்து மிதித்து விடாதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் இறங்கும்.

கத்திரி வெயிலில் மார்க்கெட்டில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, அரை மணி கழித்து ஆகிறது என்றால் பைப்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கிறது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள்.

இப்போது பங்க்குகளில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல், 20 சதவீதக் கலப்புக்கு வந்துவிட்டது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். நம் கடற்கரையில் மாதக்கணக்கில் கால் டாங்க் பெட்ரோலோடு நிற்கும் வண்டிக்கு இது பெரிய தொல்லை. கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி வைத்துப் பாருங்கள். கீழே தனி அடுக்கு தெரிந்தால் டாங்கை இறக்கிக் கழுவ வேண்டியதுதான். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். நிறுத்தி வைக்கும் வண்டியில் டாங்கை நிரப்பி வைப்பது நல்லது, காற்றுக்கு இடமிருக்காது.

வெள்ளத்தில் நின்ற வண்டி: சாவியைத் தொடாதீர்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழை யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. தண்ணீர் வடிந்ததும் ஆசையோடு சாவியைத் திருப்பியவர்கள் என்ஜினையே இழந்தார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

1. பேட்டரியைக் கழற்றுங்கள்.
2. டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ அளவு ஏறியிருந்தாலோ, ஆயிலை இறக்கும்வரை வேறு எதையும் செய்யாதீர்கள்.
3. ஏர் ஃபில்டரைத் திறந்து ஈரம் பாருங்கள்.
4. எல்லாப் பிளக்கையும் கழற்றி, கிராங்க் புல்லியைக் கையால், ஸ்பானரால் மெதுவாகச் சுற்றுங்கள். தண்ணீர் இருந்தால் துளை வழியாக வெளியேறும். சுற்றவே மறுத்தால் அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.
5. டாங்கில் தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்த்து, புது ஆயிலும் புது ஃபில்டரும் போட்ட பிறகுதான் செல்ஃப்.

கடல்நீர் கலந்த வெள்ளம் என்றால் இதற்கு முன்னால் நல்ல தண்ணீரால் அடிப்பாகம் முழுக்கக் கழுவ வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் துரு முந்திக்கொள்ளும்.

டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு

உங்களுக்குப் பிளக், பாயிண்ட் தொல்லை இல்லை. எர்த்தும் பேட்டரியும் உங்களுக்குத்தான் இன்னும் முக்கியம், டீசலைச் சுற்ற அதிக பலம் வேண்டும். மற்றபடி பார்க்க வேண்டியது மூன்று: ஸ்டாப் கேபிள் முழுக்க உள்ளே போயிருக்கிறதா, ஹீட்டர் பிளக் சூடேறுகிறதா, டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா. காற்று எடுக்க, ஃபில்டரின் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை நுரையில்லாத டீசல் வரும்வரை அடித்து, டீசல் வழியும்போதே இறுக்குங்கள். ஓடும்போது நாசிலிலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைக்கும். விரலால் தடுத்துப் பார்க்காதீர்கள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பானெட்டைத் திறந்து, கேன் தண்ணீரில் நனைத்த துணியால் காயில், கேப், வயர்களைத் துடையுங்கள். டெர்மினலில் வாசலின் இருக்கிறதா பாருங்கள். எர்த் பட்டையை நசுக்குங்கள். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது இருபது நிமிடம் ரோட்டில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் அணைத்தால் பேட்டரி இறங்கும், சைலன்சரில் தண்ணீர் தங்கும்.

கவர் போடுவதாக இருந்தால் பிளாஸ்டிக் தார்பாய் வேண்டாம். இரவு ஈரத்தை உள்ளே பிடித்து வைத்து, உப்பைக் காலைவரை கசியவிடும். பருத்தித் துணிக் கவர் போதும், மழை நாளில் கூரைக்குக் கீழே நிறுத்துங்கள்.